போன்ல படிச்ச கவிதை

கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறைக்குப் பக்கத்தில் என் அம்மாவின் ஊர். கோயிலுக்கு எதிரே சிமெண்டில் ஒரு நாடக மேடை இருக்கிறது. வருசத்தில் பெரும்பாலான நாள் அதில் இலவங்காய் காயும், மத்தியானம் சீட்டுக்கட்டு ஓடும். திருவிழா அன்றைக்கு மட்டும்தான் அது மேடை. போன வைகாசியில் அங்கே ராத்திரி 10 மணிக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்களுக்கு. விழாக் கமிட்டியில் இருக்கும் தாய்மாமாவிடம் கெஞ்சி வாங்கிய ஒரு மணி நேரம்.

நாங்கள் நான்கு பேர். பெங்களூரில் ஓப்பன் மைக் நடக்கிற காபிக் கடைகளில் பழக்கமானவர்கள். ஸ்போக்கன் வேர்டை மரபான மேடைக்குக் கொண்டுபோகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் போஸ்டரெல்லாம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம். ஊர் ஜனம் பாய், போர்வையோடு வந்து மணலில் இடம் பிடித்தது. நாங்கள் மாறி மாறிப் படித்தோம். ஐ.டி. வேலையின் தனிமை, பிரிந்துபோன காதல், வெள்ளைச் சுவர் கொண்ட வாடகை வீடு, நகரத்தின் மழை. நாலாவது கவிதை முடிந்தபோது முன்வரிசையிலிருந்த ஓர் அப்பத்தா சத்தமாகக் கேட்டார்: “ஏப்பா, எப்ப ஆரம்பிப்பீக?”

நாங்கள் ஆரம்பித்து 25 நிமிடம் ஆகியிருந்தது.

பத்து மணிக்கு பபூன் வந்தார். ஆர்மோனியக்காரரைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார். “இம்புட்டு நேரம் தம்பிக கவிதை படிச்சாக. நல்லாத்தான் படிச்சாக. எதைப் பாத்துப் படிச்சாக? போனைப் பாத்து. போன்ல வந்தா அது அவுகளுக்கு வந்த மெசேஜுல்ல? அடுத்தவுக மெசேஜ நாம ஒட்டுக்கேக்கலாமா ஆத்தா?” கூட்டம் வெடித்தது. அடுத்து அவர் செய்ததுதான் எங்களை மொத்தமாகச் சாய்த்தது. என் நண்பன் படித்த மழைக் கவிதையிலிருந்து ஒரு வரியை, மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே ஒரே ஒரு முறை கேட்டதை, மெட்டுப் போட்டுப் பாடிக் காட்டினார். எழுதியவனுக்கே அந்த வரி மனப்பாடம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த அவமானத்திலிருந்து வருகிறது. கொஞ்ச நாளாக நம் வட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது: நிகழ்த்து இலக்கியத்தை மரபுக் கலைகளின் அரங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டும், சபாக்களுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் கூத்து மேடைகளுக்கும் கவிதை போக வேண்டும். நானும் இதைச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது சொல்கிறேன்: இப்போது இருக்கிற நிலையில் நாம் அங்கே போகக் கூடாது. போவதென்றால் அந்த மேடையின் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

முதலில் ‘கொண்டுபோவது’ என்ற சொல்லையே பார்ப்போம். தமிழில் இலக்கியம் பிறந்த இடத்துக்கே இலக்கியத்தைக் கொண்டுபோவதாகச் சொல்வது வேடிக்கை. அரங்கேற்றம் என்றால் இன்று நமக்கு சலங்கை கட்டிய பெண்பிள்ளையும் அவர் அப்பா அடித்த அழைப்பிதழும்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் நூல்களும் அரங்கேறியவைதான். கம்பன் திருவரங்கத்தில் ராமாயணத்தையும், சேக்கிழார் தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தையும் அரங்கேற்றியதாக மரபு சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எழுதிய தலபுராணங்கள்கூட கூட்டத்தின் முன்னால் வாசித்து, விளக்கம் சொல்லி அரங்கேற்றப்பட்டவை.

அந்த அரங்கேற்றத்தில் ஒரு விதி இருந்தது. கேட்பவன் குறுக்கிடலாம். காஞ்சி குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தின் முதல் சொல்லைச் சொன்னவுடனேயே, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று சபையில் ஒருவர் எழுந்து நிறுத்திவிட்டார் என்பது கதை. வீரசோழியத்தில் விதி இருக்கிறது என்று இன்னொருவர் வந்து காட்டிய பிறகுதான் நூல் நகர்ந்தது. கதை நடந்ததோ இல்லையோ, இப்படி ஒரு கதையைச் சொல்லி வைத்துக்கொண்ட சமூகம், மேடையில் வைக்கிற சொல்லுக்கு அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்று நம்பியிருக்கிறது.

நம் ஓப்பன் மைக்கில் யாராவது எழுந்து “இந்த வரி பொய்” என்று சொல்லியிருக்கிறார்களா? எல்லோரும் விரல் சொடுக்குகிறோம். சிகாகோவில் கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித், 1980களில் கிரீன் மில் என்ற ஜாஸ் விடுதியில் ஸ்லாம் போட்டியை வளர்த்தபோது, கவிதையைப் பேராசிரியர்களின் அமைதியிலிருந்து பிடுங்கிக் கூட்டத்தின் கையில் கொடுப்பதுதான் நோக்கம். கூட்டத்திலிருந்தே நீதிபதிகள், பிடிக்காவிட்டால் கூச்சல். நாம் சொடுக்கை மட்டும் இறக்குமதி செய்துவிட்டுக் கூச்சலை அங்கேயே விட்டுவிட்டோம்.

கூச்சலைத் தாங்கிய பேச்சு மேடை இங்கே ஏற்கனவே இருக்கிறது. ஸ்பெஷல் நாடகம். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த வள்ளி திருமணம் போன்ற நாடகங்களை வைத்து நடப்பது. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். ஒத்திகை என்று ஒன்று இல்லை. சில சமயம் மேடையில்தான் முதல் சந்திப்பே. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், மிச்சத்தை அங்கேயே பேசிப் பேசி உண்டாக்க வேண்டும். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் போடுகிற கேள்விக்கு மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்டியாக வேண்டும். புராணம், குறள், நாட்டு நடப்பு எல்லாம் உள்ளே வரும். திணறினால் கூட்டத்துக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரிந்தால் அடுத்த ஊருக்கும் தெரியும். அடுத்த வருசம் அழைப்பு வராது.

இதற்கு என்ன பெயர்? இதை யூடியூப்பில் ஆங்கில ராப் பாடகர்கள் செய்தால் நாம் ‘பேட்டில்’ என்று கொண்டாடுகிறோம். மயிலாடும்பாறைப் பக்கம் ஓர் அம்மா விடிகாலை மூன்று மணிக்குச் செய்தால் அது ‘நாட்டுப்புறக் கலை’. இலக்கிய விழாக்களுக்குப் போய்ப் பாருங்கள். பறையும் ஒயிலாட்டமும் வாசலில் வரவேற்புக்கு. எழுத்தாளர்கள் உள்ளே மேடையில். வாசலில் ஆடியவருக்கு எந்த எழுத்தாளராவது எதிர்வினை எழுதியிருக்கிறாரா? ஸ்திரீபார்ட் அம்மா போட்ட கேள்வி எந்தப் பத்திரிகையிலாவது விமர்சனமாக வந்திருக்கிறதா? இயல், இசை, நாடகம் என்று மூன்றையும் பெயரில் வைத்துக்கொண்டு ஓர் அரசு மன்றமே இருக்கிறது. ஆனால் ‘இயல்’ என்றால் அச்சில் வருவது, ‘நாடகம்’ என்றால் ஆடிப்பாடுவது என்ற பிரிவினை நம் மண்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நாமும் ஒரு காலத்தில் பேச்சு மேடை வைத்திருந்தோமே என்று கேட்கலாம். வைத்திருந்தோம். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் அதற்கு நவீன உயிர் கொடுத்தது. அங்கே ஒரு பாத்திரத்துக்காக வாதாடுகிறவர் பாட்டைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். பிறகு அது பண்டிகைக் காலைத் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் ஜோக்காக முடிந்தது. கவியரங்கத்தில் கைதட்டலுக்காக ஒரே வரியை இரண்டு முறை சொல்லும் பழக்கம் வந்தது, வரி அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி எழுதப்பட்டது. அந்த மேடைகளைக் கொன்றது எதிர்க்கேள்வி இல்லாத கைதட்டல்தான். நம் வயசு பத்து வருசம்கூட இல்லை, அதற்குள் நமக்கும் அதே நோய் வந்தாயிற்று.

சரி, எழுத்து மரபான மேடைக்குள் நுழைந்து ஜெயித்த கதை இல்லையா? இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி. அந்தப் பக்கம், கேரளத்தில், வி. சாம்பசிவன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ஹரிகதையிலிருந்து கிளைத்த கதாபிரசங்கம் அவருடைய வடிவம். கோயில் திருவிழா மைதானங்களில், சாமி கும்பிட வந்த ஆயிரக்கணக்கான சனங்களிடம் அவர் டால்ஸ்டாயைச் சொன்னார், ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைச் சொன்னார். கையில் புத்தகம் இல்லை. பாட்டு, பேச்சு, நடிப்பு எல்லாம் ஒரே ஆள். ‘மக்களுக்கு இலக்கியம் புரியாது’ என்று இன்றும் சொல்கிறவர்கள் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கம், பண்ணைபுரத்தில், பாவலர் வரதராசன். இளையராஜாவின் அண்ணன் என்று ஒரு வரியில் நாம் கடந்துபோகிற மனிதர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், சனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டுகளில் தன் சொற்களை ஏற்றிப் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் அவர் பாடிய பாட்டு, ரோசம்மா புன்னூஸின் வெற்றியில் பெரிய பங்கு வகித்ததாக இன்றும் பேசுகிறார்கள். ஒரு கவிதை ஓட்டாக மாறியது. நம் கவிதை எதுவாக மாறியிருக்கிறது? ரீல்ஸாக.

செய்யாறு பக்கம் புரிசையில், தெருக்கூத்துக் கலைஞர்கள் பிரெக்டின் சாக்பீஸ் வட்ட நாடகத்தையும் மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவனையும் கூத்தாகவே ஆடிக் காட்டியிருக்கிறார்கள். சுப்பு ஆறுமுகம் காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டில் கட்டினார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மேடையை இவர்கள் கூடமாக மட்டும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதன் இலக்கணத்தைக் கற்று, அதன் வழியாக அந்நியமான ஒன்றை உள்ளே கொண்டுவந்தார்கள். என் தொழிலில் இது சாதாரண அறிவு. ஆண்ட்ராய்டில் ஓடுகிற செயலியை அப்படியே தூக்கி ஐபோனில் வைத்தால் ஓடாது. அந்த மேடைக்கென்று திரும்ப எழுத வேண்டும். தினமும் அலுவலகத்தில் நான் செய்கிற இந்த வேலையை என் கவிதைக்குச் செய்யத் தோன்றவில்லை.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு ‘ஆகா, மரபு’ என்று கும்பிடக் கிளம்பிவிட வேண்டாம். இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

அந்த மேடை அப்பாவி இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்கிற பெண்களை ராத்திரி முழுக்க ரசித்துவிட்டுக் காலையில் வீட்டுத் திண்ணையில் உட்காரவிடாத ஊர்கள் உண்டு. பபூனின் நகைச்சுவையில் பாதி, பெண் உடம்பைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில் மேடை சாதியின் மேடை. என் அம்மாவின் ஊரில் காலனி சனங்கள் மேடைக்கு இடதுபக்கம் வேப்பமரத்துக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். யாரும் போர்டு வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் இடம் தெரியும். திருவிழா வரி அவர்களிடம் வாங்குவதில்லை. ‘பாவம், கஷ்டப்பட்டவுக’ என்று பெருந்தன்மை போலச் சொல்வார்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் கோயிலில் பங்கு. வாங்காமல் விடுவது, உனக்குப் பங்கில்லை என்று மரியாதையாகச் சொல்கிற வழி.

நகரத்து அரங்குகள் மட்டும் யோக்கியமா? தமிழில் பாடுவதற்கே மேடை கேட்டுப் போராடி 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உண்டாக வேண்டியிருந்தது. மார்கழி என்றால் கர்நாடக சங்கீதம் என்று பழகிய ஊரில் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் பறைக்கும் அதே மாதத்தில் மேடை போட, 2020இல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்க வேண்டியிருந்தது. எந்த அரங்கும் தானாகத் திறந்ததாக வரலாறு இல்லை. அதனால் ‘மரபான அரங்குக்குள் கவிதை’ என்றால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: உள்ளே போய் என்ன சொல்லப் போகிறோம்? சுண்ணாம்பும் விளக்கும் நல்ல பின்னணியாக இருக்கிறது, போட்டோ நன்றாக விழும் என்றால், அதற்குக் கல்யாண மண்டபம் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் போனில் ஐந்து கவிதைகள் இருந்தன. நாலுதான் படித்தேன். ஐந்தாவது அந்த வரியைப் பற்றியது, வேப்பமரத்தைப் பற்றியது. பெங்களூர் காபிக் கடையில் மூன்று முறை படித்துச் சொடுக்கு வாங்கிய கவிதை. ஊர் மேடையில், முன்வரிசையில் மாமா உட்கார்ந்திருக்க, விரலால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த கவிதைக்குப் போனேன். போன் பார்த்துப் படிப்பதில் உள்ள வசதி அதுதான். எதை விட்டோம் என்று யாருக்கும் தெரியாது.

பபூனுக்கு அந்த வசதி இல்லை. பதினோரு மணி வாக்கில் அன்பளிப்பு அறிவிப்புகள் போய்க்கொண்டிருந்தன. இன்னார் பேரன் இன்னார் ஐம்பது ரூபாய், இன்னார் நூறு ரூபாய். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார்: “கோயிலுக்கு வரி உண்டு, நாடகத்துக்கு வரி உண்டு. சிரிப்புக்கு மட்டும் யாரும் வரி போட முடியாது. அதனால வேப்பமரத்துக்குப் பின்னாடி இருக்கவுகளும் தாராளமா சிரிக்கலாம். முன்னாடி வந்து உக்காந்தும் சிரிக்கலாம், இங்கிட்டு எடம் கெடக்கு.”

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து முதல் சிரிப்பு வந்தது. இரண்டு பையன்கள் எழுந்து முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். என் மாமா போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியம் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

நான் மூன்று பக்கம் எழுதி, படிக்காமல் விட்டதை அந்த மனிதர் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அதுவும் யார் தனக்குக் கூலி கொடுக்கிறார்களோ அவர்கள் முகத்துக்கு நேராக. இதைவிடப் பெரிய நிகழ்த்து இலக்கியத்தை நான் எந்த அரங்கிலும் பார்க்கவில்லை.

அதனால்தான் ஒப்பந்தம் என்கிறேன். அதில் என்னென்ன ஷரத்து? கையில் போன் இல்லாமல் ஏறு. சனங்களுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போவார்கள், டீ குடிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திரு. உன் ஒரு மணி நேரத்தை முடித்துக்கொண்டு ரூமுக்குத் தூங்கப் போகாதே, விடியும் வரை உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேள். நாடகக் கலைஞர்களின் நேரத்திலோ சம்பளத்திலோ ஒரு ரூபாய், ஒரு நிமிடம் உன்னால் குறையக் கூடாது. எங்கள் ஒரு மணி நேரத்துக்காக அன்று மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டிக் காத்திருந்தவர்களிடம் நாங்கள் அனுமதிகூடக் கேட்கவில்லை.

மேடைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்க முடியாது. விழா நாட்களில் நள்ளிரவு வரை சில நாட்களுக்கு அரசு தளர்வு கொடுக்கலாம். விதியின் நோக்கம் நியாயமானது; நோயாளியும் குழந்தையும் தூங்க வேண்டும்தான். ஆனால் விடிய விடிய நடப்பதற்கென்றே உருவான ஒரு கலைக்கு இதில் என்ன வழி என்று எந்த இலக்கிய அமைப்பு கேட்டது? ஒவ்வொரு ஊரும் காவல் நிலைய வாசலில் நின்று தனித்தனியாகக் கெஞ்சுகிறது. நமக்குப் பேச்சுச் சுதந்திரம் என்றால் புத்தகத் தடை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஒரு தர்க்கம் பாதியில் மைக் அணைக்கப்படுவதும் பேச்சுச் சுதந்திரப் பிரச்சினைதான்.

நகரத்து அரங்குகளை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. கவிஞர்களைக் கூப்பிட்டுப் புதுமை செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தர்க்கத்தை, ஒரு ஸ்திரீபார்ட்டையும் ராஜபார்ட்டையும், பத்து நிமிட நாட்டுப்புற மாதிரியாக வெட்டாமல் முழு ராத்திரிக்குக் கூப்பிடுங்கள். ‘இயல்’ என்ற தலைப்பில் கூப்பிடுங்கள். எழுத்தாளர்களைப் பார்வையாளர்களாக உட்கார வையுங்கள். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடுவதைப் பற்றிப் பேசலாம்.

திருவிழா முடிந்த மறுநாள் கமிட்டி கூடியது. அந்த பபூன் அடுத்த வருசம் வேண்டாம், வேற ஆளைப் பார்க்கச் சொல்லி ஏஜெண்டிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது. காரணம் எழுதவில்லை. ‘பேச்சு சரியில்ல’ என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது பெங்களூர் திரும்பிய பிறகு.

போன வாரம் மாமா பேசினார். “அடுத்த வருசமும் ஒங்க செட்டக் கூட்டிட்டு வாப்பா. சும்மா ஒரு மணி நேரம் படிச்சிட்டுப் போங்க. ஒங்களால ஒரு பிரச்சினையும் இல்ல.”

அந்தப் பாராட்டை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. வர்றோம் மாமா, ஆனா அந்த அண்ணனையும் கூப்பிட்டாத்தான் வருவோம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சொல்றேன் என்றார். ஐந்தாவது கவிதையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அதில் பாதி வரிகள் யாரிடமும் சொல்ல எழுதியவை இல்லை.